அக்கா திருப்பி அனுப்பிய நாயகன்

என் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட மனிதரை அவள் திருத்தக் குறிப்புகளோடு திருப்பி அனுப்பினாள். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. தெரிந்து செய்திருந்தால் திமிர் என்று விட்டுவிடலாம். அவர் மனசைத் திறந்து எழுதியதை நாவல் என்று நினைத்துப் படித்து, நடை நன்றாக இருக்கிறது, நாயகனுக்குத்தான் முதுகெலும்பு போதாது என்று பதில் போட்டவளை என்ன சொல்வது? வேலை மண்டைக்கு ஏறிவிட்டால் ஆள் இப்படித்தான் ஆகிவிடுவாள்.

அக்கா இலக்கிய முகவர். இதை உறவுக்காரர்களுக்கு விளக்கி விளக்கி என் வாய் வலித்துவிட்டது. ஏஜென்ட் என்றதும் பெரியப்பா ரயில் டிக்கெட் எடுத்துத் தரச் சொன்னார். அத்தை, தனக்கு ஆயுள் காப்பீடு வேண்டவே வேண்டாம் என்று முன்கூட்டியே கும்பிடு போட்டுவிட்டாள். "வீட்டுக்குத் தரகர் இருக்கார் இல்லையா, அது மாதிரி இவ கதைக்கு" என்று நான் ஒரு வழியாகச் சொல்லி வைத்தேன். எழுதுகிறவர்கள் தங்கள் நாவலை இவளுக்கு அனுப்புவார்கள். பிடித்திருந்தால் இவள் அதைப் பதிப்பகங்களிடம் எடுத்துப்போய்ப் பேசி, நல்ல இடமாகப் பார்த்துச் சேர்ப்பாள். பெரியப்பா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஊர்ல இருக்கிற கதைக்கெல்லாம் இடம் பாக்கறா, தனக்குப் பாத்துக்கலையே" என்றார்.

அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "கையில வேலை இருக்கு" என்று எழுந்து போய்விடுவாள். பொய் இல்லை, கையில் எப்போதும் வேலை இருந்தது.

எங்கள் அலுவலகம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. இரண்டு மேசை, மூன்று நாற்காலி, காகிதத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பிரிண்டர். மின்னஞ்சலைத் திறப்பது, வந்ததை அச்செடுப்பது, வருகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் நான். படிப்பது அவள். கணினித் திரையில் படிக்கமாட்டாள். காகிதமும் சிவப்புப் பேனாவும் வேண்டும். அவள் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டு நிற்கும். கீழே கடை நிறையக் கண்ணாடி இருக்க, மேலே இவள் இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்தது கடைக்காரருக்கு மானப் பிரச்சினையாகவே இருந்தது.

உங்கள் அக்கா கதைகளில் என்னதான் தேடுகிறார் என்று அடிக்கடி யாராவது போன் செய்வார்கள். ஏதோ ரகசியம் இருக்கிறது, அதை நாங்கள் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம் என்று நினைப்பு. அக்கா போனை வாங்கி ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"முதல் பக்கத்துல ஒரு ஆள் தெரியணும். அந்த ஆளுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்னு இருக்கணும். அது கிடைக்கலேன்னா அவருக்கு என்ன போகும்னு எனக்குப் புரியணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா மேடம்?"

"அதைத்தான் சார் யாரும் செய்யமாட்டேங்கறாங்க."

உண்மைதான். வருகிற நாவல்களில் பாதிக்குப் பாதி, முதல் பக்கத்தில் நாயகன் தூங்கி எழுந்து பல் தேய்ப்பான். "மூணாவது பக்கம் வந்துட்டேன், இன்னும் வாய் கொப்புளிக்கலைடி" என்பாள் அக்கா. ஒரு நாவலில் அத்தனை பேரும் செத்துப் போய், கடைசியில் எல்லாம் கனவு என்று வந்தது. அதைப் படித்த அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. இணைப்புக் கடிதங்கள் இன்னும் அழகு. 'ஆறு முதல் அறுபது வயது வரை எல்லாரும் படிக்கலாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். "அறுபத்தொண்ணாவது வயசுல என்ன ஆகும்னு கேளு" என்றாள். இன்னொருவர், 'இதைப் படித்து என் மாமியாரே அழுதுவிட்டார், அவர் லேசில் அழுகிற ஆள் இல்லை' என்று எழுதியிருந்தார். அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்த மாமியாரைப் பத்தி எழுதியிருந்தா எடுத்திருப்பேன்" என்றாள்.

ஆனால் அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவது கதைச்சுருக்கத்தைப் பார்க்கும்போதுதான். நாவலோடு ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம் வேண்டும், அதில் முடிவையும் சொல்லிவிட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். ஒருவராவது சொல்ல வேண்டுமே! 'முடிவு என்ன? நாவலைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போடுவார்கள். வீட்டை விற்க வந்தவர், சமையலறையை மட்டும் காட்டமாட்டேன் என்றால் எப்படி இருக்கும், அந்தக் கோபம் அவளுக்கு வரும்.

கோபக்காரி என்றாலும் கல்மனசுக்காரி இல்லை. ஒரு கதையில் கொஞ்சம் உயிர் தென்பட்டால்கூட, எங்கே சரியாக இருக்கிறது, எங்கே சறுக்கியிருக்கிறது என்று ஓரத்தில் எழுதி, திருத்தி அனுப்பச் சொல்வாள். நம் நாயகனின் மானம் முழுவதும் இந்தக் குறிப்புகளால்தான் சந்தி சிரித்தது.

இப்போது அந்த நாயகனுக்கு வருகிறேன். அவர் பிழைதிருத்துகிறவர். அக்கா எடுத்துக்கொண்ட நாவல்களைப் பதிப்பகத்துக்கு அனுப்பும்முன் அவர்தான் பார்த்துத் தருவார். இரண்டு சொல் சேரும் இடத்தில் க், ச், த், ப் போடலாமா கூடாதா என்பதில் அவருக்குச் சாப்பாடு தூக்கத்தைவிட அக்கறை. அதனால் நான் வைத்த பெயர் ஒற்று சார். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "சார்ங்கறது வேற்றுமொழிச் சொல், நடுவுல ச் வேண்டாம்" என்று அவரே தீர்ப்புச் சொல்லி ஏற்றுக்கொண்டார். கீழே கடைப் பலகையில் 'மூக்கு கண்ணாடி கடை' என்றுதான் எழுதியிருந்தது. காணாமல் போன அந்த இரண்டு க்-களுக்காக, படியேறும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிப்பது மேலே எங்களுக்குக் கேட்கும்.

மனைவி இறந்து பல வருடம் ஆனவர். பிள்ளைகள் இல்லை. வியாழக்கிழமைதோறும் வந்து, திருத்திய தாள்களைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். ஒரு டீயை அவ்வளவு நேரம் குடிக்கிற மனிதரை நான் பார்த்ததே இல்லை. அக்கா ஒரு நாவலைத் திட்ட ஆரம்பித்தால் டம்ளரை வாயருகே வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். விஷயம் எனக்குப் புரிந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்கும் புரிந்தது. அக்காவுக்கு மட்டும் கண் தெரியவில்லை.

ஒரு நாள் மின்னஞ்சலில் அந்த நாவல் வந்தது. அனுப்பியவர் பெயர் 'ஒரு வாசகர்' என்று மட்டும் இருந்தது. நாவல் என்று பெயர், மொத்தமே சில பக்கங்கள். வயதான ஒருவர் வாரம் ஒரு முறை மாடியில் உள்ள ஓர் அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே ஒரு பெண் கண்ணாடியில் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறாள், மற்றவர்களின் கதைகளைத் திட்டுகிறாள். அவள் திட்டுவதைக் கேட்டால் அவருக்கு அந்த வாரம் முழுவதும் நன்றாக இருக்கிறது. படித்து முடித்ததும் யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அச்செடுத்து, பேசாமல் அக்கா மேசையில் வைத்தேன்.

அக்கா படித்தாள். முகம் மலர்ந்தது. "நடை நல்லா இருக்குடி. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒருத்தர் அலட்டிக்காம எழுதியிருக்கார்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிடமே, "ஆனா நாயகி நம்பற மாதிரி இல்ல. எந்தப் பொம்பளையாவது கண்ணாடியில ரப்பர் பேண்ட் சுத்திக்கிட்டு ஆபீஸ் வருவாளா?" என்று சொல்லி, நழுவிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, உனக்கு இது நம்ம ஒற்று சார் மாதிரி தோணலையா?"

"அவரா? அவருக்கு ஆசைங்கறது ஒரு பெயர்ச்சொல், அவ்வளவுதான். போய் வேலையைப் பாரு."

நான் சொல்லவே இல்லையா என்று நாளைக்கு யாரும் என்னைக் கேட்கக் கூடாது. சொன்னேன்.

பதில் போயிற்று: 'மன்னிக்கவும். நாயகனுக்கு என்ன வேண்டும் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. சும்மா சும்மா டீ குடிக்கிறார். அவருக்கு இன்னும் கொஞ்சம் முதுகெலும்பு தேவை. கதைச்சுருக்கத்தில் முடிவைக் காணவில்லை. திருத்தி அனுப்பினால் விருப்பத்தோடு மறுபடி படிப்பேன்.'

அந்த வியாழக்கிழமை ஒற்று சார் வந்தபோது முகம் வாடியிருந்தது. டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். சும்மா டீ குடிக்கிறார் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்திருப்பார், பாவம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பொதுவா ஒரு சந்தேகம் மேடம். நாயகனுக்கு என்ன வேணும்னு சொல்லியே ஆகணுமா? பாத்தா தெரியாதா?"

"பாத்துத் தெரிஞ்சுக்க வாசகர் என்ன ஜோசியரா சார்? சொன்னாத்தானே தெரியும்!"

"சொல்லிட்டு, அது கிடைக்கலேன்னா?"

"அதுதான் சார் கதை" என்றாள் அக்கா உற்சாகமாக. அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். அன்று பல்லைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் திருத்திய நாவல் வந்தது. மனிதர் துணிந்துவிட்டார். ஒரு மாலை, படியில் விளக்கு எரியவில்லை. முன்னால் இறங்கிய அவள் தடுமாறுகிறாள். அவர் கையை நீட்டப் பார்த்து, உரிமை இல்லையே என்று மடக்கிக்கொள்கிறார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான் என்று எழுதி, கடைசி வரியை இப்படி முடித்திருந்தார்: 'அவளைக் கைப்பிடிக்க வேண்டும்.' கதைச்சுருக்கத்தின் அடியில், 'முடிவு: அவள் சொல்ல வேண்டும்.'

இனிமேல் இதைவிட எப்படித்தான் ஒரு மனிதர் சொல்வார்! நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படித்தாள், கண்ணைத் துடைத்தாள், நிஜமாகத் துடைத்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தக் கடைசி வரியில் இருந்த ப் தலையில் ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் எழுதினாள்: 'கை பிடிக்க. இங்கே ப் மிகாது. கைப்பிடிக்க என்றால் மணந்துகொள்ள என்று பொருளாகிவிடும், கவனம். நாயகனுக்கு அவ்வளவு தூரம் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.' அடியில், 'முடிவை நாயகி தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கக் கூடாது' என்று இன்னொரு குறிப்பு.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இது நாவல் இல்லக்கா, அனுப்பாதே" என்றேன். "நல்லா எழுதறவங்களைப் பாத்தா உனக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அவளே பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் ஒற்று சார் வரவில்லை. திருத்திய தாள்கள் கூரியரில் வந்தன. அடுத்த வியாழனும் கூரியர்தான். அக்கா பிரிண்டரைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாயகனைப் பெயர் சொல்லித் திட்டினாள். டீ வந்தால் மூன்றாவது நாற்காலியைப் பார்ப்பாள், உடனே காகிதத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

ஒரு காலையில் கூரியர் உறையைப் பிரித்தவள் அலறினாள். "ஏய், இங்க வா! 'படித்து காட்டினாள்'னு இருக்கு. நடுவுல க் இல்ல. இவர் இதை விட்டிருக்கார்டி!" அடுத்த பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு. "உடம்பு கிடம்பு சரியில்லையா? இத்தனை வருஷத்துல ஒண்ணு விட்டதில்லையே மனுஷன்."

எனக்கு அன்று காலையில்தான் விஷயம் தெரிந்திருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் படியிலேயே என்னை நிறுத்திச் சொன்னார். "உன் ஒற்று சார் கண்ணாடி வாங்க வந்திருந்தார். வேற ஊருக்குப் போறாராம், தம்பி வீட்டோட இருக்க. இன்னைக்குச் சாயங்காலம் லாரி வருதாம்" என்றார். இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தாள்களில் விட்டுப்போன ஒற்றுகளை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து 'ஒரு வாசகர்' நாவலை எடுத்தாள். அதை அவள் மற்றவற்றோடு கட்டிப் போடாமல் தனியாக வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். சிவப்புப் பேனாவின் முனையை வரி வரியாக ஓட்டினாள். கதையைப் படிக்கவில்லை, பிழை தேடினாள். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை.

"இதுல ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லடி" என்றாள் மெல்ல. "நமக்கு வர்ற நாவல்ல இப்படி ஒண்ணு பாத்திருக்கியா?"

"இல்ல."

"எல்லா இடத்துலயும் சரியா போட்டவர், இந்த ஒரே ஒரு ப்-ஐ மட்டும் தப்பா போட்டிருப்பாரா?"

"போட்டிருக்கமாட்டார்."

"அப்போ தெரிஞ்சேதான் போட்டிருக்கார். கைப்பிடிக்கன்னா..."

"கல்யாணந்தான்க்கா. அர்த்தத்தை நீயேதான் ஓரத்துல எழுதிக் கொடுத்திருக்கே."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். ரப்பர் பேண்டைப் புதுசாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இது நானாடி?"

"பின்னே நானா?"

தங்கை வாய்விட்டுச் சொன்னதை நம்பாதவள், ஒரு ப் சொன்னதை நம்பிவிட்டாள். நம்பியதும் அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். "முதுகெலும்பு இல்லைன்னு எழுதிட்டேனேடி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு இதெல்லாம் பழக்கமே இல்ல. வீட்ல ஒரு டம்ளர் இடம் மாறியிருந்தாக்கூட எனக்குக் கோபம் வருது. இன்னொரு ஆளை எங்கே வைப்பேன்?" என்றாள். கேலி பண்ண வாயெடுத்த நான் அவள் குரலைக் கேட்டு அடங்கிவிட்டேன். என் அக்கா பயந்து நான் பார்த்ததே இல்லை.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. ஆனா காகிதத்துல சொல்லாதே. நேர்ல போய் அவர்கிட்ட சொல்லு" என்றேன்.

போனோம். அவர் வீடு இரண்டே அறை. புத்தகங்களையெல்லாம் கயிறு போட்டுக் கட்டி, அட்டைப்பெட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியில் 'கண்ணாடிப் பாத்திரங்கள், கவனமாகக் கையாளவும்' என்று இருந்தது. லாரிக்காரனுக்கு எழுதிய சீட்டில்கூட ஒற்று ஒன்றும் விட்டுப்போகவில்லை. எங்களைப் பார்த்ததும் கையில் பசையோடு எழுந்து நின்றார்.

"வாங்க மேடம். ப்ரூஃப்ல ஏதாவது..."

"நிறைய விட்டிருக்கீங்க."

"தெரியும். கவனம் நிக்கல."

அக்கா உட்காரவில்லை. உட்கார அங்கே ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் கட்டியாகிவிட்டது. "நான் ஒரு ப்-ஐ அடிச்சேன்" என்றாள்.

"ஆமா."

"அடிச்சது தப்பு."

அவர் யோசித்தார். "இலக்கணப்படியா?" என்று கேட்டார்.

எனக்கு அந்தப் பசை டப்பாவை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "இலக்கணப்படியும்" என்றாள்.

அந்த 'உம்' அவருக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரண மனிதருக்குச் சேர்ந்திருக்காது. பசைக் கையைச் சட்டையில் துடைத்தார். "நான் அதைப் பதில்னு எடுத்துக்கிட்டேன் மேடம். பழகலாம், கல்யாணம் வேண்டாம்னு நாசூக்கா சொல்றீங்கன்னு. அதுக்கப்புறம் எதிர்ல உக்காந்து டீ குடிக்க முடியும்னு தோணல. ரொம்ப வலிச்சுது. அதான் தம்பி வீட்டுக்கு..."

"எனக்கு நாசூக்கெல்லாம் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நாவல்னு நினைச்சுட்டேன் சார். எழுதினதைப் பாத்தா எனக்குச் சிவப்புப் பேனாதான் கையில வருது, நான் என்ன பண்ண?" என்றாள் அக்கா. "நீங்க வராத வியாழக்கிழமை எனக்கு நல்லாவே இல்ல. காரணம் தெரியாம பிரிண்டரைத் திட்டிக்கிட்டிருந்தேன். இனிமே எழுதிக் கேக்காதீங்க. வாயால கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

அக்கா நழுவிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"தப்பில்ல. ரொம்ப நல்லா இருந்துது. இன்னொரு தடவை கேக்கணும் போல இருக்கு."

அவர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அக்கா அழுதுகொண்டே சரி என்று தலையை ஆட்டினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, புத்தகக் கட்டுகளின் கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தேன்.